பதினொரு ஓம்

கொட்டாஞ்சேனை,
27.04.2025

அன்புத் தங்கச்சி நிரோஷாவுக்கு அண்ணன் கிருஷ்ணராஜ் எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன், சோறும் வாலைப்பலமும் இறங்குகின்றன, தலைக்கட்டும் அவிழ்த்தாயிற்று. உன் சுகத்துக்கு எழுது.

போன் இருக்கிற காலத்தில் கடிதம் என்ன கேடு என்று நினைப்பாய். இது வீட்டுப்பாடம். எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஹிபா மிஸ் இப்படிச் சொன்னார்: "சொல்லெல்லாம் மண்டைக்குள்ள பத்திரமா ஈக்கி. வாய்க்கு வாற ரோட்டு மட்டும்தான் ஒடஞ்சீக்கி. கைக்குப் போற ரோட்டு நல்லம். எழுதுங்க." மாதத்துக்கு ஒரு கடிதமாவது எழுத வேண்டும், பதிலும் கையெழுத்தில் வர வேண்டும் என்பது அவருடைய சட்டம். போன் வெளிச்சம் கண்ணில் படக்கூடாது என்று டொக்டர் சொன்னதால் உன் அண்ணி அனுசியா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். எழுதுவதற்கு உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒருகொடவத்தை கண்டெய்னர் யார்ட்டில் கிரேன் கொக்கி தலையில் பட்டு எட்டு வாரம் ஆகிறது. இன்றைக்கும் என் வாயில் வருவது ஒரே ஒரு சொல்தான். "ஓம்." தண்ணீர் வேணுமா என்றாலும் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். தலையை ஆட்டி இல்லை என்று காட்டலாம் என்றால் கழுத்துப்பட்டை விடமாட்டேன் என்கிறது. அவசரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் வைத்திருக்கிறேன்.

இரண்டு கேள்வி கேட்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து இங்கே வர இரண்டு பஸ்தான். நான் வீட்டுக்கு வந்த பிறகு நீ ஒரு தடவைகூட ஏன் வரவில்லை? மற்றது, மர்ஸூக் நானா ஏன் வரவில்லை? ஆறு வருஷம் அவர் கிரேன் மேலே, நான் கிரேன் கீழே. கொப்பியில் எழுதிக் கேட்டால் உன் அண்ணி அடுப்பில் எதையோ கிளறப் போய்விடுகிறாள். உனக்கு ஏதாவது தெரியுமா?

கை வலிக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


வெள்ளவத்தை,
06.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் போர்டிங் வாசலிலேயே அழுதுவிட்டேன். வீட்டுக்கார சீனியம்மா அக்கா யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்து, சீனி போடாத தேத்தண்ணீர் ஒன்றைக் கையில் திணித்தார். "அண்ணன் எழுதியிருக்காரு அக்கா, எழுதுறாரு!" என்றேன். அதற்கும் அவர் அழுதார். இரண்டு பேரும் வாசலில் நின்று அழ, மூன்றாம் மாடிப் பிள்ளைகள் படியில் எட்டிப் பார்த்தார்கள். பெரிய நிம்மதி அண்ணா. ஆனால் "வாழைப்பழம்" என்கிற இடத்தில் இன்னும் "வாலைப்பலம்" என்றுதான் எழுதுகிறீர்கள். கொக்கி அதைத் திருத்தவில்லை.

எனக்கு டிவி சனலில் வழக்கமான வேலை. செய்தி ஓடும்போது திரைக்குக் கீழே எழுத்து வருமே, அதை அடிக்கிறவளுக்குத் தலை நிமிர நேரமில்லை. போன கிழமை "அமைச்சரின் உரை" என்பதை "அமைச்சரின் நுரை" என்று அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால்தான் வர முடியவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

மர்ஸூக் நானாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நோன்பு, பெருநாள் என்று வேலையாக இருந்திருப்பார். வருவார். நீங்கள் அதை யோசித்துத் தலையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
நிரோஷா


கொட்டாஞ்சேனை,
18.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். கழுத்துப்பட்டை போய்விட்டது, ஆனால் இல்லை என்று ஆட்டப் போனாலும் தலை ஓம் என்றே ஆடுகிறது. உன் இடுப்பு வலி எப்படி? நாள் முழுக்க உட்கார்ந்து அடிக்காதே, எழுந்து நட.

நுரைக் கதையை வாசித்துச் சிரித்தேன். சிரிப்பு மட்டும் பழைய மாதிரியே வருகிறது. இங்கே நடந்ததைக் கேள். திங்கட்கிழமை அனுசியா கண்ணாடி முன்னால் நின்று, "ஏங்க, நான் குண்டாயிட்டேனா?" என்றாள். "ஓம்" என்றேன். அன்று மத்தியானம் கறியில் உப்பு இல்லை. புதன்கிழமை மீன்காரர் வாசலுக்கு வந்தார். "பாரை வேணுமா?" ஓம். "ரெண்டு கிலோவா?" ஓம். "நாலா?" ஓம். அந்த லேன் முழுக்க நம் வீட்டு மீன்தான் மணத்தது.

ஏன் "ஓம்" என்று ஹிபா மிஸ் கேட்டார். நம் வீட்டில் யாருக்கும் அந்தச் சொல் கிடையாது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த நாம் "ஆமா" என்று சொல்லித்தான் வளர்ந்தோம். நான் கொழும்புக்கு வந்த புதிதில் ஒரு தடவை "ஓம்" என்றதற்கு அப்பா, "என்னடா, கோயில் மணியா அடிக்கிற?" என்று கேட்டார் அல்லவா? அதைப் பழக்கியது மர்ஸூக் நானா. யார்ட் சத்தத்தில் அவர் மேலேயிருந்து "தூக்கவா?" என்று கத்துவார். நான் "ஆமா" என்றால் அவருக்குக் கேட்காது. "ஓமெண்டு செல்லு தம்பி. அது மூக்கால வாற சத்தம், மேல வரைக்கும் கேக்கும்" என்றார். யார்ட்டில் ஓம், வீட்டில் ஆமா. கொக்கி பட்ட நேரம் வாயில் இருந்த சொல் ஓம், அதுதான் ஒட்டிக்கொண்டது என்று நான் எழுதிக் காட்டினேன். மிஸ் சிரித்தார், மறுக்கவில்லை.

இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோது ஒரு பெரிய வெள்ளை வெளிச்சம் முகத்துக்கு நேரே வந்தது, யாரோ ஒருவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார் என்று ஒரு நினைவு. கனவா, நிஜமா? அண்ணி கனவு என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

நானாவின் வீடு தெமட்டகொடையில்தான். உன் வேலை முடிந்து ஒருநாள் அந்தப் பக்கம் போய், நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


வெள்ளவத்தை,
26.05.2025

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல்.

அது கனவுதான். அவ்வளவு மருந்து ஏற்றினால் வெளிச்சம் தெரியாமல் என்ன செய்யும்? அதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

தெமட்டகொடைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. இத்துடன் இஞ்சி பிஸ்கட் ஒரு பெட்டி அனுப்புகிறேன். அண்ணிக்கும் கொடுங்கள், அவர் குண்டாகவில்லை என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

நிரோஷா


கொட்டாஞ்சேனை,
22.06.2025

நிரோஷாவுக்கு,

உடம்பு நலம். மனது நலமில்லை.

வெள்ளிக்கிழமை ஜெம்பட்டா வீதி சலூனுக்கு முடி வெட்டப் போனேன். தழும்பைப் பார்த்துவிட்டு ஸியாம் தம்பி, "அண்ணே, நீங்க டிவில வந்த ஆள் தானே?" என்றான். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "ஓம்" என்றேன். அவன் போனை எடுத்துக் காட்டினான். நானும் பார்த்தேன், நிரோஷா. மூன்று நிமிஷம்.

நான் கட்டிலில் கிடக்கிறேன். ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது, வாயோரம் எச்சில். அதைக்கூட யாரும் துடைத்துவிடவில்லை. உன் சனலில் வருகிற அந்த றொஹான் பக்கத்தில் உட்கார்ந்து இரக்கமான குரலில் கேட்கிறார். "மர்ஸூக் போன் கதைச்சுக்கொண்டே கிரேன் ஓட்டினவரா?" ஓம். "முந்தியும் இப்படி நடந்திருக்கா?" ஓம். "நீங்க பயத்தில சொல்லாம இருந்தனீங்களா?" ஓம். எண்ணிப் பார்த்தேன். பதினொரு கேள்வி, பதினொரு ஓம். பின்னால் வயலின் வேறு.

கீழே எழுத்து வருகிறது. "மர்ஸூக் போனில் பேசிக்கொண்டே கொக்கியைத் தூக்கினார்." மேற்கோள் குறி போட்டு, பக்கத்தில் என் பெயர். இந்த வாக்கியத்தை நான் எப்போது சொன்னேன்? இத்தனை சொல் என் வாயில் இருந்தால் நான் ஏன் ஹிபா மிஸ்ஸிடம் போகிறேன்?

உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். வடம் தேய்ந்துவிட்டது, இன்றைக்குத் தூக்க வேண்டாம் என்று நானா அன்று காலையில் இரண்டு தடவை சூப்பர்வைசரிடம் சொன்னார். "இந்த ஒரு கண்டெய்னர் மட்டும்" என்றார்கள். வடம் அறுகிற சத்தம் கேட்டதும் நானா மேலேயிருந்து "ராஜ், தள்ளிப் பாய்!" என்று கத்தினார். நான் அரை அடி நகர்ந்தேன். அந்த அரை அடியால்தான் இன்று உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.

நேற்று அனுசியாவைக் கூட்டிக்கொண்டு தெமட்டகொடைக்குப் போனேன். நானா இல்லை. அவருடைய மனைவி ஜவாஹிறா கதவைப் பாதி திறந்துகொண்டு பேசினார். "மார்ச்சில இருந்து வேலை இல்ல. போலிசுக்கும் குடுப்பம் எண்டு கம்பனி செல்லுது. ஒங்களப் பாக்க ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், ஒங்கட ஆக்கள் உள்ள விடல்ல." நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

அது நீ வேலை செய்கிற சனல். நீ அதைப் பார்க்கவில்லையா?

கிருஷ்ணராஜ்


கொட்டாஞ்சேனை,
13.07.2025

நிரோஷாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. சுகமில்லையா என்று பயந்து அண்ணி சீனியம்மாவுக்குப் போன் பண்ணினாள். நன்றாக இருக்கிறாயாம், சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

நான் கேட்டது ஒரு கேள்வி.

கிருஷ்ணராஜ்


வெள்ளவத்தை,
20.07.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகம் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பார்த்தேன் அண்ணா. எல்லோருக்கும் முதலில் பார்த்தது நான்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் ஒன்பது நாளில் கம்பனியிலிருந்து ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. அண்ணி வாட் வாசலில் உட்கார்ந்து அழுதார். டிவியில் வந்தால் கம்பனிக்கு உறைக்கும் என்று நினைத்து, நான்தான் றொஹானிடம் போய்ச் சொன்னேன். கட்டில் நம்பரைக் கொடுத்தேன். உறவினர் சம்மதம் வேண்டும் என்று ஒரு படிவம் நீட்டினார்கள். என் மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் பேசுகிற நிலையில் இருக்கிறீர்களா என்று டொக்டரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஒளிபரப்பு எட்டு மணிக்கு. ஏழு ஐம்பத்துமூன்றுக்குப் பதிவு என் மேசைக்கு வந்தது. கம்பனியைப் பற்றி இருக்கும் என்று பார்த்தால், முழுக்க மர்ஸூக் நானாவைப் பற்றி. கம்பனியைத் தொட்டால் வழக்கு வரும், ஆளைத் தொட்டால் வராது என்று எடிட் அறையில் யாரோ சொன்னார்கள். திரையில் நீங்கள் "ஓம்" என்றீர்கள். என் கை நின்றுவிட்டது. அண்ணன் ஓம் என்று சொல்ல மாட்டாரே, ஆமா என்றுதானே சொல்லுவார் என்று மனதில் பட்டது. சத்தியமாகப் பட்டது அண்ணா. "கெதியா அடியுங்கோ நிரோஷா, நேரமில்லை" என்று றொஹான் பின்னால் நின்றார். அடித்தேன். அந்த மேற்கோள் குறியைப் போட்டது என் விரல்.

இன்னும் இருக்கிறது. மர்ஸூக் நானா வாட்டுக்கு வந்தபோது உள்ளே விட வேண்டாம் என்று அண்ணியிடம் சொன்னதும் நான்தான். அண்ணியைக் கோபிக்காதீர்கள், அவர் டிவியில் வந்ததை நம்பினார். பிறகு உங்களிடம் சொல்லப் பயந்தார். போன் ஒரு மாதம் பார்க்கக்கூடாது என்றுதான் டொக்டர் சொன்னார். அதை ஐந்து மாதமாக இழுத்தது நாங்கள். வெளிச்சம் கனவு என்று எழுதியதும் பொய். வேலை அதிகம் என்று வராமல் இருந்ததும் பொய். உங்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்க முடியவில்லை.

என்னை மன்னிப்பீர்களா? கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆனால் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லை என்னால் இனித் தாங்க முடியாது.

நிரோஷா


கொட்டாஞ்சேனை,
03.08.2025

நிரோஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

மர்ஸூக் நானா குற்றமில்லாதவர் என்று நாலு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கம்பனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விசாரணை அதிகாரி வாசித்துவிட்டு, "டிவியில வாயாலயே சொல்லியிருக்கிறீங்க. இது யாரும் எழுதிக் கொடுத்ததா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறாய்? "ஓம்." அதையும் குறித்துக்கொண்டார். அனுசியா பாய்ந்து விளக்கம் சொன்னாள். என் வாயில் ஓம் மட்டும்தான் வரும் என்று ஹிபா மிஸ் எழுதிய கடிதத்தையும் கொடுத்தாள். "அஞ்சு மாசத்துக்கு முந்தி எப்படி இருந்தார் எண்டு இவவுக்கு எப்படித் தெரியும்?" என்றார். என் கை எழுதியதை நம்பவில்லை, வாய் சொன்னதைத்தான் நம்புகிறார்கள்.

விசாரணை ஓகஸ்ட் 29. அன்று நானாவை வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுவார்கள், பிறகு போலிஸ். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, இனி எவன் கிரேனைக் கொடுப்பான்?

ஒன்று நினைவு வருகிறது. அந்த வெளிச்சத்துக்குள் அந்த ஆள் என்னை முதலில் வேறு யாருடைய பெயரோ சொல்லிக் கூப்பிட்டார். ஒளிபரப்பில் அது இல்லை. முழுப் பதிவும் உன் சனலில் இருக்குமா?

நீ கேட்டதற்கு இப்போது பதில் இல்லை. இது முதலில் நடக்கட்டும்.

கிருஷ்ணராஜ்


வெள்ளவத்தை,
25.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் கடிதமெல்லாம் குவிந்து கிடக்கிறது. அதனால் என்னோடு வேலை செய்கிற, உங்கள் பக்கம் வீடுள்ள பஸ்லாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

இருந்தது அண்ணா! ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய பதிவுகளை அழிப்பார்கள், இன்னும் பதினாறு நாளில் இதுவும் போயிருக்கும். நாற்பத்தொரு நிமிஷம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

உங்கள் கட்டிலுக்கு வந்ததும் றொஹான் பக்கத்துக் கட்டிலில் தொங்கிய பெயர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க சவுந்தரநாயகம் தானே?" என்கிறார். நீங்கள் "ஓம்." கமராக்காரர் சிரிக்கிறார், "அது அடுத்த கட்டில் அண்ணை." "ஓ, கிருஷ்ணராஜா?" ஓம். "பதிவு செய்யலாம் தானே?" ஓம். "வலிக்குதா?" ஓம். "இப்ப வலி இல்லைத்தானே?" ஓம். மொத்தம் முப்பத்தெட்டுக் கேள்வி, எல்லாவற்றுக்கும் அதே ஓம்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒளிபரப்பில் உங்கள் முகம் மட்டும்தானே வந்தது? முழுப் பதிவில் கையும் தெரிகிறது. வலது கையில் சேலைன். இடது கை விரல் போர்வையில் எழுதுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பேனா கேட்கிறீர்கள் அண்ணா. நாற்பத்தொரு நிமிஷமும் கேட்கிறீர்கள். அங்கே மூன்று பேர் நின்றார்கள், மூன்று பேர் சட்டைப் பையிலும் பேனா இருந்தது.

நேரே பொறுப்பாசிரியர் அறைக்குப் போனேன். கூட்டம் நடக்கிறது என்றார்கள். நடக்கட்டும் என்று உள்ளே போய், சவுந்தரநாயகம் கட்டத்தைப் போட்டேன். றொஹான், "நான் கேட்டனான், அவர் சொன்னவர்" என்றார். "அவர் பேரையே அவர் மாத்திச் சொல்லியிருக்காரே, அதையும் போட்டிருக்கலாம் இல்லையா?" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. பொறுப்பாசிரியர் திரும்பவும் போடச் சொன்னார். விரலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

திருத்தம் ஒளிபரப்பச் சம்மதித்துவிட்டார்கள். அதை எழுதுகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். முழுப் பதிவின் பிரதியும், பொறுப்பாசிரியர் கையெழுத்திட்ட கடிதமும் நாளைக்குக் கம்பனிக்குப் போகின்றன. நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றதாக எழுதி வாங்குவேன்.

எனக்குத் தண்டனை உண்டு. செய்தியிலிருந்து தூக்கிச் சமையல் நிகழ்ச்சிக்குப் போட்டுவிட்டார்கள். "கத்தரிக்காயை நீளவாக்கில் வெட்டவும்" என்று அடிக்கிறேன். பரவாயில்லை, கத்தரிக்காயால் யாருக்கும் வேலை போகாது.

ஒரு எச்சரிக்கை. உங்களை வைத்து இரண்டாவது நிகழ்ச்சி செய்யப் பார்க்கிறார்கள். என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். "அண்ணன்கிட்ட பேனாவைக் குடுத்துக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அவசரமில்லை.

உங்கள் தங்கச்சி,
நிரோஷா


கொட்டாஞ்சேனை,
09.09.2025

அன்புத் தங்கச்சி நிரோஷாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். இதை நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன். உன் இடுப்பு வலிக்கு அண்ணி ஒரு எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள், மணம் தாங்க முடியவில்லை.

விசாரணையில் உன் பதிவைப் போட்டார்கள். "சவுந்தரநாயகம் தானே?" "ஓம்" என்றதும் அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பேனாவை எடுத்து என் முன்னால் வைத்து, "நீங்க எழுதுங்க, நான் வாசிக்கிறன்" என்றார். ஒரு மணித்தியாலம் எழுதினேன். வடத்தைப் பற்றி, சூப்பர்வைசரைப் பற்றி, அந்த அரை அடியைப் பற்றி. நானா முதலாம் திகதியிலிருந்து வேலைக்குப் போகிறார். போலிஸ் பேச்சு இல்லை. புது வடம் போட்டிருக்கிறார்கள். பழைய வடத்தைப் பற்றி இப்போது சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று மாலையே நானா வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் கொப்பியில் பெரிய எழுத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதி வைத்திருந்தேன். அவர் அதை வாசிக்காமலே மூடினார். "ஒன்ட ஓம் எனக்குத் தெரியாதா தம்பி? ஆறு வருசமாக் கேட்டுட்டு ஈக்கிறன். டிவில பாத்த ஒடனயே ஜவாஹிறாட்ட செல்லிட்டன், இது ராஜ் பேசுற இல்ல, யார்ட் பேசுற எண்டு." பிறகு இரண்டு பேரும் அழுதோம். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதோம்.

திருத்தத்தை அனுசியா போனில் காட்டினாள். அலுமாரி திறந்துவிட்டது. "அவர் அப்படிக் கூறவில்லை. அவ்வேளையில் அவரால் கூற இயலவில்லை. அதை நாங்கள் கேட்டறியவில்லை. தவறு எங்களுடையது." நாலு வரியிலும் ஒரு மேற்கோள் குறிகூட இல்லை. வயலினும் இல்லை. நன்றாக எழுதியிருக்கிறாய்.

இனி முக்கியமான விஷயம். வியாழக்கிழமை காலை றொஹான் வந்தார். கமராவை வான் வண்டியிலேயே விட்டுவிட்டு, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு பழக்கம் விடவில்லை. "இன்னொரு பேட்டி எடுப்பமா? இந்த முறை முழுக்க உங்கட பக்கம். சனம் உங்களைத் திரும்பவும் பாக்க விரும்புது. சரிதானே அண்ணை?"

எனக்கு அந்த வெளிச்சம் நினைவுக்கு வந்தது. வாயோரம் எச்சிலோடு மூன்று நிமிஷம் ஊர் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"இல்ல."

நான் சொன்னேன் நிரோஷா. நான்தான். குசினியில் அனுசியா சட்டியைக் கீழே போட்டாள். றொஹான் எழுந்து நின்றுவிட்டார். வந்ததை விடக்கூடாது என்று நான் திரும்பவும் சொன்னேன். இல்ல. இல்ல. இல்ல. கையைத் தட்டிக்கொண்டே சொன்னேன். பாவம், அந்த மனுஷன் தன்னைத்தான் இப்படித் திட்டுகிறார்கள் என்று நினைத்துப் பின்னாலேயே நடந்து வாசலுக்குப் போய்விட்டார். அனுசியா ஓடிப்போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடித்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மீன்காரர் பாடுதான் திண்டாட்டம். எதைக் காட்டினாலும் இல்ல என்கிறேன்.

கடைசியாக, நீ ஜூலையில் கேட்ட கேள்வி. முதலில் கோபத்தில்தான் பதில் எழுதாமல் விட்டேன். அதை மறைக்கவில்லை. ஓகஸ்டில் போர்வை, விரல் என்று நீ எழுதியதை வாசித்த அன்று கோபம் போய்விட்டது. அதற்குப் பிறகும் எழுதாததற்குக் காரணம் வேறு. "ஓம்" சொல்லிவிடாதே என்றாய். எழுதிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் நம் வீட்டுச் சொல்லை ஹிபா மிஸ்ஸிடம் கேட்டு வாங்கிப் பழகுகிறேன். "ஆ" வந்துவிட்டது. "மா"வும் வந்துவிட்டது. இரண்டையும் சேர்க்கத்தான் இத்தனை நாள். விடிந்ததும் "மா, மா" என்று தொடங்கிவிடுகிறேன். ஆடு வாங்கியிருக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.

முந்தாநாள் சேர்ந்துவிட்டது. அனுசியாவிடம்கூட இன்னும் சொல்லிக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. இரண்டு பஸ்தான். வாசலில் நின்று, அதே கேள்வியை உன் வாயால் கேள்.

இப்படிக்கு,
இல்லை என்று சொல்லத் தெரிந்த உன் அன்பு அண்ணன்,
கிருஷ்ணராஜ்